கை காட்ட ஒரு ஆள்

டிரைவரம்மாவைப் போனில் கூப்பிட்டவன் மரியாதையாகத்தான் பேசினானாம். அதனாலேயே எனக்கு அவன்மேல் நம்பிக்கை வரவில்லை. பட்டாளத்துக்காரன் தன்மையாகப் பேசினால் அவனுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

டிரைவரம்மா அப்போது என் பஞ்சர் கடை வாசலில் நின்றிருந்தாள். அவள் ஓட்டுவது ரொட்டிக் கம்பெனி வேன். விடியும் முன்னே ரொட்டியை ஏற்றிக்கொண்டு போய்க் கடை கடையாக இறக்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வேனை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். அன்றைக்குப் பின்சக்கரத்தில் ஆணி. நான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிங்க சார். ஆமாங்க சார். யோசிச்சுச் சொல்றேங்க சார்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு சும்மா நின்றாள். குமிழி வந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். ஆனாலும் சொல்லவில்லை.

"யாரும்மா?"

"பட்டாள ரிசர்வுல இருந்து, பெரியப்பா. திரும்ப வர்றியான்னு கேக்கறாங்க."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பட்டாளத்தில் இருந்தவள். இழுவை லாரி ஓட்டினாள். சேற்றில் புதைந்த வண்டி, பள்ளத்தில் கவிழ்ந்த வண்டி, எதுவானாலும் இரும்பு வடத்தைக் கட்டி இழுத்து மேலே கொண்டுவருகிற லாரி அது. மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். மகளுக்கு இப்போது பத்து வயது. இத்தனை வருஷம் ஏன் என்று கேட்காதவர்கள் இப்போது கேட்கிறார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு முகாமுக்கு வரவேண்டுமாம். வருஷத்தில் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் இருக்கவேண்டுமாம். மற்ற நாளெல்லாம் ரொட்டி வேனை ஓட்டிக்கொள்ளலாம். வெள்ளம் வந்தாலும் சண்டை வந்தாலும் கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பவேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும்.

"கடைசியில சொன்னான் பார்த்தியா, சண்டைன்னு, அதுக்குத்தான் கூப்பிடறான்," என்றேன். "முன்னாடி சொன்னதெல்லாம் மேலே தூவினது."

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் பெரியப்பா."

"சந்தேகப்பட்டதுனாலதான் இத்தனை வயசு வரைக்கும் ரெண்டு காலோட இருக்கேன்."

அவள் சிரித்தாள். ஆனால் கண் என் மேல் இல்லை. எனக்கு உள்ளே ஒரு எரிச்சல் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னையெல்லாம் திரும்பக் கூப்பிட ஒரு இடமும் கிடையாது. இவளை ஒரு இடம் ஞாபகம் வைத்திருந்து கூப்பிடுகிறது.

எங்கள் காம்பவுண்டுக்கு ஒரே கேட். வலது பக்கம் என் கடை, அதற்குப் பின்னால் நான் படுக்கிற அறை. இடது பக்கம் அவள் புருஷனுடைய சீட்டுக் கடை. பஸ், லாரி, கார் எதுவானாலும் கிழிந்த சீட்டைப் பிரித்துப் புதுசாக மெத்தை வைத்துத் தைத்துக் கொடுப்பான். அவனை எல்லாரும் மெத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். கோடியில் அவர்கள் வீடு, இரண்டு அறையும் ஒரு சமையலறையும். நடுவில் இருக்கிற முற்றம் ஒடுக்கம். வேன் உள்ளே திரும்ப இடமில்லை. தெருவிலிருந்தே பின்னால் எடுத்துக்கொண்டு வரவேண்டும். சாயங்காலச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். அவள் வேனுக்கு நான் காற்றடிப்பேன், அவள் எனக்குத் தட்டு வைப்பாள். இதற்கு யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். மெத்தை அதில் ஆபத்து உண்டா என்று கேட்கவில்லை, மகளை யார் பார்த்துக்கொள்வது என்றும் கேட்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "கொக்கியும் வர்றானா?" என்று கேட்டான்.

கொக்கி என்பவன் பட்டாளத்தில் அவளோடு வேலை பார்த்தவன். இழுவை லாரியில் ஓட்டுகிறவர் ஒருவர், முன்னால் நின்று கை காட்டுகிறவர் ஒருவர். இன்ஜின் போடுகிற சத்தத்தில் வாயால் சொல்வது எதுவும் எடுபடாது. எல்லாம் கைதான். ஓட்டுகிறவள் கண் அந்தக் கையை விட்டு நகரக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

"எனக்கு என்னங்க தெரியும்? அவன்கிட்டப் பேசியே நாளாச்சு."

"போன மாசம் உன் பொறந்த நாளுக்கு போன் பண்ணினானே."

"அது அவன் பண்ணினது."

"சிரிச்சது நீதானே."

"சிரிச்சது குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா. அந்தச் சிரிப்பு இந்த வீட்டுல வேற எதுக்கும் வந்ததில்லைன்னு சொல்றேன். பெரியவரே, நீங்களே சொல்லுங்க, கேட்டிருக்கீங்களா?"

"என்னை இழுக்காதே. அந்த வெங்காயத்தை இப்படித் தள்ளு," என்றேன்.

அவன் விடவில்லை. "அவனை எப்படிக் கூப்பிடுவா தெரியுமா உங்களுக்கு? வாடா, போடா, எருமை. என்னை எப்படிக் கூப்பிடுவா? என்னங்க, ஏங்க, வாங்க, உக்காருங்க. பேங்கு மேனேஜரைக் கூப்பிடற மாதிரி."

"மரியாதை குடுத்தது ஒரு தப்பாங்க?"

"மரியாதையை யாருக்குக் குடுப்பாங்க? வெளியாளுக்குக் குடுப்பாங்க."

மகள் நிமிர்ந்தாள். "அம்மா என்னை வாடி போடின்னுதானே கூப்பிடுது. அப்போ நான் உள்ளாளாப்பா?"

"நீ சாப்பிடுடி," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கொக்கி ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டான். காலையிலிருந்து மழை. முற்றமெல்லாம் சேறு. மெத்தைக்கு ஸ்பாஞ்சுக் கட்டு இறக்க வந்த லாரி கேட்டுக்குள் நுழையும்போது பின்சக்கரம் சாக்கடையில் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. லாரிக்காரன் ஆக்சிலரேட்டரை மேலும் மேலும் மிதிக்கிறான், சக்கரம் சுற்றிச் சுற்றிச் சேற்றைத் தெளிக்கிறது. மெத்தை, ஸ்பாஞ்சு நனையக்கூடாதென்று ஒரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்கிறான். அந்த நேரத்தில் ஒரு டூவீலர் வந்து நின்றது. நெட்டையான ஆள், கழுத்து முன்னால் வளைந்து கிடந்தது. பெயருக்கு வேறு காரணம் கேட்கவேண்டியதில்லை.

"ஏய் மொட்டை," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

டிரைவரம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். இடுப்பு வரைக்கும் தொங்குகிற முடி அவளுக்கு. "டேய் எருமை, வழி தெரிஞ்சுதா உனக்கு," என்றாள். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் பேன் என்று ஒட்ட வெட்டிவிட்டார்களாம், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மெத்தைக்கு இந்தப் பெயர் அன்றைக்குத்தான் தெரியும். அவன் தோளில் இருந்த கட்டு கொஞ்சம் சரிந்தது.

கொக்கி லாரியைப் பார்த்தான், சாக்கடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் லாரிக்காரனிடம் போய், "அண்ணே, கொஞ்சம் இறங்குங்க," என்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "பொம்பளை கையில குடுத்து வண்டி படுத்துடுச்சுன்னா முதலாளிக்கு நான்தான் பதில் சொல்லணும்," என்றான்.

"இப்ப மட்டும் நின்னுகிட்டா இருக்கு? இறங்குய்யா," என்றேன் நான்.

இறங்கினான். சக்கரத்துக்கு முன்னால் போட என்னிடம் பழைய டயர் கேட்டார்கள், உருட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொக்கி மழையில் லாரிக்கு முன்னால் போய் நின்று ஒரு கையை உயர்த்தினான். விரலை லேசாகச் சுழற்றினான், இன்ஜின் உறுமியது. உள்ளங்கையைக் கீழே அமுக்கினான், உறுமல் தணிந்தது. இடது கையைத் துளி அசைத்தான், முன்சக்கரம் துளி திரும்பியது. அவன் கைக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவில் கயிறு கட்டின மாதிரி இருந்தது. அவள் சேற்றைப் பார்க்கவில்லை, சாக்கடையைப் பார்க்கவில்லை. வைப்பருக்குப் பின்னால் அவள் கண் அந்தக் கையிலேயே இருந்தது. லாரி டயரைக் கடித்து, ஒருமுறை குலுங்கி, ஏறி வந்தது. கொக்கி கைவிரல்களை முட்டியாக மடக்கினான், நின்றது.

அவள் குதித்து இறங்கினாள். இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். லாரிக்காரன்கூடச் சிரித்தான். மெத்தை மட்டும் சிரிக்கவில்லை. நனையக்கூடாதென்று தூக்கிவைத்திருந்த ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்து அவன் முதுகெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைக்கவேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

கொக்கி டீ குடித்தான், சத்தம் போட்டுப் பேசினான், மரக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னான், போனான். என்ன காரியமாக வந்தான் என்று சொல்லவில்லை. காரியம் இல்லாமல் மழையில் எவனும் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மெத்தை என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அவகிட்ட உப்பு எடுத்துட்டு வான்னு சொன்னா, எதுக்குங்கன்னு கேப்பா. எந்த டப்பான்னு கேப்பா. நாலு வார்த்தை பேசினாத்தான் எனக்கு உப்பு வரும். அங்க ஒரு விரலு. பார்த்தீங்கல்ல? ஒரே ஒரு விரலு."

"அது வேலை தம்பி."

"இது மட்டும் என்ன, விளையாட்டா?" என்றான்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் பின்புறம் போனபோது அவனைப் பார்த்தேன். தண்ணீர் டிரம்முக்கு முன்னால் நின்று கையை உயர்த்துகிறான், விரலைச் சுழற்றுகிறான், முட்டியை மடக்குகிறான். டிரம் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் இருமாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் அவளிடமே கேட்டுவிட்டான், சொல்லிக்கொடு என்று. அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தாள். "நேரா என் கண்ணுக்குத் தெரியற மாதிரி நிக்கணும். வண்டிக்குப் பின்னாடி நிக்கவே கூடாது. நான் உங்களை மட்டும்தான் பார்ப்பேன். கண்ணாடியைப் பார்க்கமாட்டேன். நீங்க என்ன காட்டறீங்களோ அதுதான்."

"கண்ணாடியைப் பார்க்கவே மாட்டியா?"

"கை காட்ட ஆள் நிக்கும்போது கண்ணாடியைப் பார்த்தா, அந்த ஆளை நம்பலைன்னு அர்த்தம். எங்களுக்கு அது பெரிய அசிங்கம்ங்க."

அதற்குப் பிறகு தினமும் வேன் வருகிற நேரத்துக்கு அவன் ஊசியையும் நூலையும் போட்டுவிட்டு ஓடிவருவான். வேன் பின்னாலேயே வரும். இவன் முன்பக்கம் கேட்டருகே நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி நீட்டி வேனுக்குப் பின்னால் இருக்கிற சீட்டுக் கடைச் செவுரைப் பார்த்துக் கை காட்டுவான். முதல் நாள் பாதி முற்றத்திலேயே நிறுத்திவிட்டான். "இன்னும் ஒரு குடித்தனம் வைக்கலாம்ங்க பின்னாடி," என்று அவள் தலையை நீட்டிச் சிரித்தாள். அவன் மறுபடி காட்டினான். நாளாக ஆக நன்றாகவே வந்துவிட்டது. மகள் என் ஸ்டூலில் ஏறி நின்று கை தட்டுவாள். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு அலுப்பில்லாமல் கிடைத்தது. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. ரிசர்வு என்கிற பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மாதக் கடைசி மட்டும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் வேனைச் செவுரை ஒட்டி நிறுத்திவிட்டான். அவள் இறங்கி வந்து பார்த்து, "அட, நல்லா பழகிட்டீங்களே," என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "கொக்கின்னா இதுக்கும் உள்ள ஒரு விரலு மட்டும் விட்டு நிறுத்துவான்," என்றாள்.

அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. மெத்தை போய் மிஷினில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் தைத்த பஸ் சீட்டைப் பிறகு பிரித்துத் தைக்கவேண்டியிருந்தது.

மறுநாள் வேன் வந்தது. வெயில் நாள், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அவன் வந்து தன் இடத்தில் நின்றான். கையை உயர்த்தினான், வா வா என்று காட்டினான். வேன் பின்னால் நகர்ந்தது. செவுருக்கு ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. அவன் கை வா என்றே சொன்னது. பாதி ஆள் இடம் இருந்தது. முட்டியை மடக்கவேண்டிய நேரம் எனக்கே தெரிந்தது. அவன் மடக்கவில்லை. நான் ஏதோ கத்தினேன். வேன் அதே நிதானத்தில் போய்ச் செவுரில் இடித்தது. பின்விளக்கு நொறுங்கியது, கதவு உள்வாங்கியது, சீட்டுக் கடைச் செவுரில் நாலு செங்கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது.

அவள் இன்ஜினை அணைத்தாள். இறங்கினாள். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"செவுரைப் பார்த்தீங்களா, இல்லையா?"

வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லியிருக்கலாம். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"பார்த்தேன்," என்றான்.

"அப்புறம்?"

"நிறுத்தலை."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அவன் கையைக் கடைசி வரைக்கும் நம்பினே. என் கையை நீ எதுவரைக்கும் நம்புவேன்னு பார்த்தேன்."

மகள் ஸ்டூலிலிருந்து இறங்கி என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"எனக்குச் செவுரு தெரிஞ்சுது," என்றாள் டிரைவரம்மா. "உங்க கை தப்பாப் போகுதுன்னு மனசுல பட்டுது. இன்னைக்குத்தான் முதல் தடவையா கண்ணாடியைப் பார்த்தேன். செவுரு நல்லாவே தெரிஞ்சுது. நீங்க நிறுத்துவீங்கன்னு விட்டேன்."

அவள் உள்ளே போனாள். அவன் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். அன்றைக்கு நான் அங்கே சாப்பிடப் போகவில்லை. என் அறையிலேயே டீ போட்டு ரொட்டியை முக்கித் தின்றேன். நடுச்செவுருக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

வேன் ரிப்பேருக்குப் போனது. கம்பெனியில் செவுரு கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லி அவளே திட்டு வாங்கிக்கொண்டாள். வேன் வருகிற வரைக்கும் வேறு ஒரு வண்டியில் ஓட்டிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். புருஷனோடு பேசாமல் இல்லை. "தண்ணி வேணுமாங்க, துணி காய்ஞ்சுதாங்க" என்று எல்லாம் பேசினாள். மெத்தை செங்கலை மறுபடி வைத்துப் பூசினான். பூசிப் பூசிப் பார்த்தான். செவுரில் அந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருந்தது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கொக்கி மறுபடியும் வந்தான். நான் சீட்டுக் கடைக்குள் இருந்தேன். பஸ் சீட்டுக்குத் துணி இழுக்கும்போது சட்டத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும், அதற்காக. மெத்தை வாயில் நாலைந்து ஆணியை வைத்துக்கொண்டு குறட்டால் துணியை இழுத்துக்கொண்டிருந்தான். அவர்கள் இரண்டு பேரும் வெளியே என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கொக்கி ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினான். ஒவ்வொரு எழுத்தும் எங்களுக்குக் கேட்டது.

"போகாதே மொட்டை."

மெத்தையின் கை நின்றது.

அவள் ஏதோ சொன்னாள். "சத்தமாச் சொல்லு," என்றான் கொக்கி. அவளும் கத்தவேண்டியதாயிற்று. "ஏன் போகக் கூடாதுன்னு கேக்கறேன்."

"எனக்குத்தான் முதல்ல போன் வந்துது. போனேன். காதுல ஒரு மிஷினை மாட்டி டெஸ்ட் பண்ணினாங்க. தள்ளிட்டாங்க. காது போச்சாம். அந்த இன்ஜினுக்குப் பக்கத்துல நின்னு நின்னுதானே போச்சு, அவங்க வண்டி தின்ன காதுதானே. கையாலதானே வேலை, காது எதுக்குன்னு கேட்டேன். சட்டம்னுட்டாங்க."

"அன்னைக்கு வந்தப்பவே ஏன்டா சொல்லலை?"

"வாய் வரலை. லாரியைத் தூக்கினோம்ல, அந்த சந்தோஷத்துல விட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நீ போனா எவனோ ஒரு புதுப் பய முன்னாடி வந்து நிப்பான். அவன் கையைப் பார்த்து நீ ஓட்டுவே. அதை நினைச்சாலே வயிறு எரியுது எனக்கு."

"கை யாருதா இருந்தா என்னடா?"

"அப்படிச் சொல்லாதே. என் கையைத் தவிர இன்னொருத்தன் கையை நீ நம்பமாட்டேன்னு நினைச்சுட்டிருக்கேன். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு. வீடா, வாசலா, என்ன இருக்கு எனக்கு? அதையாவது விட்டு வை."

மெத்தை என்னைப் பார்த்தான். முதலில் அவன் முகம் மலர்ந்தது. வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினான். "பெரியவரே, அவனும் போகவேண்டாங்கறான்," என்றான் மெதுவாக. சண்டையில் எதிராளி தன் பக்கம் வந்துவிட்ட மாதிரி. பிறகு அந்த மலர்ச்சி அப்படியே வாடியது. உள்ளங்கை ஆணிகளையே பார்த்தான்.

"நான் பேசின பேச்சு மாதிரியே இருக்கு," என்றான்.

"ஆமா. ரெண்டு பேரும் ஒரே அச்சு," என்றேன். எனக்கு மூடி மறைக்கத் தெரியாது.

அவன் குறட்டை வைத்துவிட்டு வெளியே போனான். நானும் போனேன்.

"அவ போவா," என்றான் கொக்கியிடம்.

"என்ன?"

"அவ போவான்னு சொல்றேன். தடுக்க நீ யாரு?"

"அனுப்பி வைக்க நீ யாரு? வேனைச் செவுருல விட்டவன்தானே நீ?"

அதை அவள்தான் இவனிடம் சொல்லியிருக்கவேண்டும். மெத்தையின் முகம் கறுத்தது. மனைவியைப் பார்த்தான். அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா கொஞ்சம்? இவன் போகாதேங்கறான், இவரு போன்னு சொல்றாரு. போகணும்னு உனக்கு இருக்கான்னு என்னை எவனாவது கேட்டீங்களா?"

மெத்தை உள்ளங்கை ஆணிகளை உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் கேக்கறேன்," என்றேன். "எதுக்கும்மா போகணும்? நாளைக்கு சண்டைன்னா முதல் வரிசையில உன் லாரியைத்தான் விடுவான். அவனுங்களை நான் நம்பமாட்டேன்."

"நானும் நம்பலை பெரியப்பா. அந்த வண்டி எனக்குப் பிடிக்கும்."

"வண்டியா?"

"வண்டிதான். சேத்துல புதைஞ்சு கிடக்கறதை அது இழுக்க ஆரம்பிக்கும்போது, சீட்டுக்கு அடியில இருந்து ஒரு உறுமல் கிளம்பும். இடுப்புல ஏறி, முதுகுல ஏறி, பல்லு வரைக்கும் வரும். இழுக்குமா அறுந்துடுமான்னு ஒரு நிமிஷம் தெரியாது. அப்புறம் அசையும். பத்து வருஷமா ரொட்டி ஓட்டறேன். ரொட்டியை எங்கயும் போய் இழுக்கவேண்டியதில்லை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு அது வேணும். அவ்வளவுதான். அதுல நீயும் இல்லைடா. நீங்களும் இல்லைங்க."

கொக்கிக்குப் பாதிதான் கேட்டிருக்கும். அந்தப் பாதியே போதுமாக இருந்தது. அவன் கழுத்து இன்னும் வளைந்தது. மெத்தை தரையைப் பார்த்தான். இத்தனை நாளாக ஒருவனை ஒருவன் நினைத்து வயிறெரிந்த இரண்டு ஆம்பிளைகள், ஒரு பழைய லாரியிடம் தோற்றுப்போய் என் கடை வாசலில் நின்றார்கள். சிரிக்கலாம் போலிருந்தது. சிரிப்பு வரவில்லை.

கொக்கி வண்டியை உதைத்துக் கிளப்பினான். "காதைப் பார்த்துக்க மொட்டை. பஞ்சு வச்சுக்க," என்று கத்திவிட்டுப் போனான்.

அவள் அங்கேயே நின்று போன் போட்டாள். "வர்றேங்க சார்," என்றாள்.

முதல் சனிக்கிழமை பஸ்ஸில் போனாள். மெத்தைதான் ரொட்டிக்குள் முட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தான். இரண்டு நாளும் எங்களுக்கும் அதே முட்டைதான். "அம்மா எப்ப வரும்?" என்று மகள் கேட்டதைவிட அவன்தான் அதிகம் கேட்கிற முகமாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். நகக்கண்ணில் கிரீஸ், நெற்றியில் வெயில் கறுப்பு, நடையில் ஒரு துள்ளல். உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள். லாரியின் கியர் இன்னும் மூன்றாவதில் மக்கர் பண்ணுகிறதாம். குளத்துச் சேற்றில் வேண்டுமென்றே இறக்கிவைத்திருந்த ஒரு வண்டியை ஒரே இழுப்பில் எடுத்தாளாம்.

"யாரு கை காட்டினா?" என்று கேட்டான் மெத்தை. சும்மா கேட்பது போலத்தான் கேட்டான்.

"ஒரு சின்னப் பொண்ணுங்க. புதுசு. கையெல்லாம் நடுங்குது பாவம். நல்லா வருவா."

அவன் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியதை நான் பார்த்தேன். அவளுக்கு இன்னும் ஒரு முட்டை வைத்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை வேன் ரிப்பேரிலிருந்து வந்துவிட்டது. மத்தியானம் தெருவில் அந்தச் சத்தம் கேட்டதும் மெத்தை ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேட்டருகே தன் இடத்தில் நின்றான். முற்றத்தைக் காலையிலேயே கூட்டி வைத்திருந்தான். ஒரு கையை உயர்த்தினான்.

வேன் நின்றது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நானே விட்டுக்கறேன்."

கோபமில்லை அந்தக் குரலில். காய்கறிக்காரனிடம் பை வேண்டாம் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். அவன் கையை இறக்கித் தள்ளி நின்றான். அவள் இடது கண்ணாடியைப் பார்த்தாள், வலது கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி இடது. கோணாமல் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கி வந்து, "வெயில்ல ஏங்க நிக்கறீங்க, வாங்க," என்றாள். அவன் தோளில் இருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அவன் என் கடைக்கு வந்தான்.

"கண்ணாடியைப் பார்த்து விட்டா."

"பார்த்தேன்."

"என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலை."

"அதையும் பார்த்தேன்."

"முகம் சிரிச்ச மாதிரிதானே இருந்துது?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துது. அது வேற, இது வேற."

அவன் ஸ்டூலில் உட்காரவில்லை. "எத்தனை நாளைக்கு இப்படி?" என்றான்.

"அதை நான் எங்க கண்டேன். இந்த டயரைப் பிடி," என்றேன். பிடித்தான்.

மறுநாளும் வேன் வருகிற நேரத்துக்கு ஊசியைப் போட்டுவிட்டு வந்தான். அந்த இடத்திலேயே நின்றான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவள் கை காட்டு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. இடது கண்ணாடி, வலது கண்ணாடி என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வேனின் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கொக்கியைப் பார்த்த அதே பார்வை.